‘நாலு தட்டு தட்டி அனுப்புங்க சார்’ என்று கேட்காதீர்கள்

“ரெண்டு நாள் உள்ள வச்சு, நாலு தட்டு தட்டி அனுப்புங்க சார். பயம் வந்தா தன்னால திருந்திடுவான்.” பெற்ற மகனைத் தாங்களே காவல் நிலையத்துக்குக் கூட்டிவந்து இப்படிக் கேட்பவர்கள் கடலூரில் இன்னும் இருக்கிறார்கள். பையனுக்குப் பதினைந்து வயது இருக்கும். பக்கத்து வீட்டு செல்போனை எடுத்திருப்பான். இல்லாவிட்டால் யாரோ கொடுத்தனுப்பிய புதுச்சேரிச் சரக்கோடு ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் மாட்டியிருப்பான்.

அடித்தால் பயம் வரும், மறுக்கவில்லை. அந்தப் பயம் ஒரு வாரம் தாங்கும். அடியையும் தாங்கிக்கொள்ள முடியும் என்பதை அந்த ஒரு வாரத்தில் பையன் கற்றுக்கொள்கிறான். அப்பாவே பிடித்துக் கொடுத்தார் என்பது அவன் மனதில் நின்றுவிடும். வெளியே வந்ததும் தோளில் கைபோட்டு பிரியாணி வாங்கித் தருகிறவன், அவனிடம் சரக்கைக் கொடுத்தனுப்பிய அதே ஆள்தான். அமெரிக்காவில் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய்க் கைதிகளை வைத்து மிரட்டும் திட்டங்கள் பல ஆண்டுகள் நடந்தன. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, போய்வந்த பிள்ளைகள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். பயத்தால் திருந்துவான் என்ற நம்பிக்கையை இனியாவது விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்பதைச் செய்யச் சட்டத்திலும் இடமில்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி 18 வயது நிறையாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள், சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். வயதுக்கு ஆதாரமாகப் பள்ளிச் சான்றிதழை எடுத்துப்போங்கள். அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ். ஆதாரை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். வக்கீலுக்குக் கடன் வாங்க வேண்டாம். 15100க்கு அழைத்தால் இலவச சட்ட உதவி கிடைக்கும்.

ஜாமீன்தான் பொதுவிதி. பழைய கூட்டாளிகளிடமே திரும்பிப் போவான், அவனுக்கே ஆபத்து நேரும், நீதி கெடும் என்று குழுமம் கருதினால்தான் மறுக்கப்படும். அதனால் “இனிமே பாத்துக்கறோம் சார்” என்பது போதாது. எந்த வீட்டில் தங்குவான், பள்ளி விட்டதும் எங்கே இருப்பான், யார் பொறுப்பு என்று திட்டமாகச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் மீண்டும் சேர்த்துக்கொள்வதாக ஒரு கடிதம் தந்தால் பெரிய உதவி. பையனின் குடும்பச் சூழலைக் குழுமத்துக்குச் சொல்லும் சமூக விசாரணை அறிக்கைக்காக நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வருவார், அவருக்கு இரண்டு வாரம்தான் அவகாசம். அப்பாவின் குடியை அவரிடம் மறைக்கிறீர்கள். மறைத்தால் பையனுக்குத் தேவையான உதவி அறிக்கையில் ஏறாது.

கொடுத்தனுப்பிய ஆளின் பெயரையும் தயங்காமல் சொல்லுங்கள். மதுவோ போதைப்பொருளோ கடத்தச் சிறுவனைப் பயன்படுத்தினால் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் வரை அபராதமும் உண்டு. பையனுக்கு பைக் சாவி கொடுத்த மாமாவும் தப்ப முடியாது: வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம்.

இனி ஊர்க்காரர்களுக்கு. தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற கடலோர ஊர்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. பள்ளிக் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. வீட்டில் வருமானம் குறைந்திருக்கும், பையன் சும்மா இருப்பான். சரக்கு தூக்க ஆள் தேடுகிறவனுக்கு இதைவிட வசதியான காலம் இல்லை. மார்ச்சிலேயே உட்கார்ந்து பேசுங்கள். ஊர் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் தினமும் மாலை நாலரைக்கு கபடியோ வாலிபாலோ தொடங்கட்டும். வருகைப் பதிவேடு அவசியம். ஒருவன் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் ஒரு பெரியவர் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அதட்ட வேண்டாம், சும்மா விசாரித்தால் போதும். கேஸ் இருக்கிறது என்று யாரையும் விரட்டாதீர்கள். அதே நேரம், சேட்டைக்காரப் பையன்களை மட்டும் பொறுக்கித் தனி அணியாக்கவும் வேண்டாம். ஒருவனிடமிருந்து ஒருவன் கற்றுக்கொள்வது கபடியாக இருக்காது. நல்ல நோக்கத்தோடு தொடங்கும் பல முயற்சிகள் கெட்டுப்போவது இங்கேதான்.

டீச்சர்களே, திங்கட்கிழமைதோறும் வராத பையனைக் கவனியுங்கள். டி.சி. கொடுத்து அனுப்புவதற்கு முன் குழந்தைகள் உதவி எண் 1098க்கு ஒரு போன் செய்யுங்கள், உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். பத்தாவது முடித்தும் படிப்பில் ஒட்டாதவனுக்கு ஐ.டி.ஐ. இருக்கிறது, அரசுப் பள்ளியில் படித்தவனென்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும்.

கணவனை இழந்தோ, கைவிடப்பட்டோ தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்களுக்கு மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பையன் மாட்டிய பிறகு அல்ல, இப்போதே.

பிடிபட்ட பையனின் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களுக்கும் ஒன்று. அவன் பெயர், முகம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே நீக்குங்கள், குழுவில் மற்றவர்களையும் நீக்கச் சொல்லுங்கள்.