எக்ஸ் கதிர்க் குழாய் ஏன் தலையைச் சுற்றி வருகிறது?

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். “அணியை ஏறுபடி வடிவத்துக்கு மாற்றித் தரம் காண நன்றாகப் பழகிவிட்டேன். ஆனால் அந்தத் தரம் என்ற எண் தேர்வுக்கு வெளியே யாருக்குத் தேவைப்படுகிறது?” அணி என்பது எண்களைக் கிடையாக நிரைகளாகவும் மேலிருந்து கீழாக நிரல்களாகவும் அடுக்கிய பட்டியல். கடையின் விலைப்பட்டியலை வாங்கும் அளவுகளோடு பெருக்குவது, கைப்பேசியில் ஒரு படத்தைத் திருப்புவது என அணிகளின் பயன்கள் பல உண்டு, அவற்றைப் பாடநூல்களே சொல்லிவிடுகின்றன. தரத்தின் பயனைக் காண நாம் சி.டி. ஸ்கேன் அறைக்குப் போக வேண்டும்.

என் தாயாருக்குத் தலையில் ஸ்கேன் எடுத்தபோது, அந்த வெள்ளை வளையத்துக்குள் ஏதோ ஒன்று விரைந்து சுழலும் இரைச்சலைக் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். சுழல்வது எக்ஸ் கதிர்க் குழாயும் எதிர்ப்புறத்தில் உள்ள உணரிகளும்தான். ஒரு கதிர் தலைக்குள் புகுந்து மறுபுறம் வரும்போது, வழியிலுள்ள ஒவ்வொரு திசுவும் அதில் ஒரு பங்கை உறிஞ்சிவிடுகிறது. உறிஞ்சப்படாமல் மிஞ்சும் பங்குகள் ஒன்றோடொன்று பெருக்கப்படுகின்றன. மடக்கை (log) எடுத்தால் பெருக்கல் கூட்டலாகிவிடும். ஆகவே ஒவ்வொரு கதிரும் நமக்குத் தருவது ஒரு கூட்டுத்தொகையை மட்டுமே. ஆனால் அது கடந்து வந்த ஒவ்வொரு சிறு கட்டமும் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைத் தனித்தனியே அறிய வேண்டும்.

தலையின் ஒரு குறுக்குவெட்டை நான்கே கட்டங்களாகச் சுருக்கிப் பார்ப்போம். மேல் நிரையில் 3, 1. கீழ் நிரையில் 2, 5. இந்த எண்கள் நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கிடைமட்டமாக இரண்டு கதிர்களைச் செலுத்தினால் 4, 7 என்ற கூட்டுத்தொகைகள் கிடைக்கும். செங்குத்தாகச் செலுத்தினால் 5, 6 கிடைக்கும். தெரியாத எண்கள் நான்கு, சமன்பாடுகளும் நான்கு. எனவே விடை கிடைத்துவிடும் என்று தோன்றும். ஆனால் மேல் நிரையில் 2, 2 என்றும் கீழ் நிரையில் 3, 4 என்றும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். அதே 4, 7, 5, 6 வருகின்றன! இரண்டு வெவ்வேறு தலைகள் ஒரே அளவீடுகளைத் தருகின்றன. எந்தக் கட்டத்தில் கட்டி இருக்கிறது என்று மருத்துவரால் சொல்ல முடியாது.

காரணம் எளிது. நிரைகளின் மொத்தம் 11, நிரல்களின் மொத்தமும் 11. ஆகவே முதல் மூன்று அளவீடுகள் தெரிந்துவிட்டால் நான்காவதை அளக்காமலேயே சொல்லிவிடலாம். நான்கு சமன்பாடுகள் இருந்தாலும் புதுச் செய்தி சொல்பவை மூன்றே. இந்தச் சமன்பாடுகளின் கெழுக்களை, அதாவது தெரியாத எண்களைப் பெருக்கும் எண்களை, அணியாக எழுதி ஏறுபடி வடிவத்துக்கு மாற்றினால் கடைசி நிரை முழுவதும் சுழியமாகிவிடும். அணிக்கோவையின் மதிப்பு 0, தரம் 3. ஆம், தரம் என்பது இதுதான்: எத்தனை அளவீடுகள் உண்மையில் புதிதாக ஏதேனும் சொல்கின்றன என்ற எண்ணிக்கை. இனி ஒரே ஒரு கதிரைச் சாய்வாக, மூலைவிட்டத்தின் வழியே செலுத்துங்கள். 3, 5 இரண்டும் சேர்ந்து 8 வருகிறது. போலித் தலையிலோ 2, 4 சேர்ந்து 6 தான். தரம் 4 ஆக உயர்கிறது, விடை ஒன்றே ஒன்றாகிவிடுகிறது. அந்தச் சாய்வுக் கதிருக்காகத்தான் குழாய் தலையைச் சுற்றுகிறது.

சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கிய ஆங்கிலேயப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவியில் நோயாளி ஒருவரின் தலை முதன்முதலாகப் படமெடுக்கப்பட்டது 1971 அக்டோபர் 1 அன்று, லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த மருத்துவமனை ஒன்றில். ஒவ்வொரு பாகையாகத் திரும்பி 180 கோணங்களில், கோணத்துக்கு 160 அளவீடுகள் வீதம், மொத்தம் 28,800 சமன்பாடுகள். படமோ 80-க்கு 80, அதாவது 6,400 கட்டங்கள். இந்த அணி சதுர அணியே அன்று. எனவே பாடநூலில் கற்ற நேர்மாறு அணி முறை இங்கே உதவாது. போதாக்குறைக்கு அளவீடுகளில் சிறு பிழைகளும் இருப்பதால் எல்லாச் சமன்பாடுகளையும் ஒருசேர நிறைவு செய்யும் விடையும் இருக்காது.

இத்தகைய சமன்பாடுகளுக்கு நெருக்கமான விடை காணும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, போலந்துக் கணிதவியலர் ஸ்தெஃபான் காச்மார்ஷ் 1937-இல் மூன்றே பக்கங்களில் எழுதியது. நம் நான்கு கட்டங்களிலும் 0 என்று தொடங்குவோம். முதல் நிரையில் 4 வேண்டும், இருப்பது 0. குறையைச் சமமாகப் பங்கிட்டால் 2, 2. அடுத்த நிரையில் 3.5, 3.5. இப்போது முதல் நிரலின் கூடுதல் 5.5, வேண்டியதோ 5, ஒவ்வொன்றிலும் 0.25 குறைக்கிறோம். இரண்டாம் நிரலில் 0.25 கூட்டுகிறோம். மேல் நிரை 1.75, 2.25 என்றும் கீழ் நிரை 3.25, 3.75 என்றும் ஆகிவிட்டன. ஒரு மூலைவிட்டத்தின் கூடுதல் 5.5, வேண்டியது 8. இரு கட்டங்களுக்கும் 1.25 கூட்ட, 3-உம் 5-உம் வந்துவிட்டன. மற்ற மூலைவிட்டத்தில் 11-இல் 8 போக 3 வேண்டும், 1.25 குறைக்க, 1-உம் 2-உம் வந்துவிட்டன. ஒரே சுற்றில் தலை முழுவதும் தெரிந்துவிட்டது! உண்மையான படத்துக்குப் பல சுற்றுகள் வேண்டும். ஆயினும் ஒவ்வொரு படியிலும் செய்வது இந்தச் சிறு திருத்தத்தைத்தான். ஹவுன்ஸ்ஃபீல்டு தம் முதல் கருவியில் கையாண்டதும் இவ்வாறு திருத்தித் திருத்தி விடையை நெருங்கும் வகை முறையே.

காச்மார்ஷ் மருத்துவத்தை மனத்தில் கொண்டு அதை எழுதவில்லை. கோட்டு வழிக் கூட்டுத்தொகைகளிலிருந்து முழு உருவத்தை மீட்கலாம் என்று ஆஸ்திரியக் கணிதவியலர் யோஹான் ராடோன் 1917-இல் நிறுவியதும் தூய கணிதமாகத்தான். அதை அறியாமலேயே இயற்பியலர் ஆலன் கார்மாக் 1963-இலும் 1964-இலும் வெளியிட்ட கட்டுரைகளை ஏறத்தாழ யாரும் பொருட்படுத்தவில்லை; 1979-இல் அவருக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. உடனடிப் பயன் என்னவென்று எழுதிக் கொடுத்தால்தான் ஆய்வுக்குப் பணம் என்ற நிபந்தனை இவர்களில் இருவரையாவது வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். கணிதத் துறைகளுக்கு நிதியைக் குறைப்பதை நான் எதிர்ப்பதற்கு இதுவே காரணம்.

இன்றைய படங்கள் பெரும்பாலும் 512-க்கு 512, அதாவது 2,62,144 கட்டங்கள் கொண்டவை. நீருக்கு 0, காற்றுக்கு −1000 என்ற ஹவுன்ஸ்ஃபீல்டு அளவுகோலில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. மருத்துவர் திரையில் பார்க்கும் கறுப்பு வெள்ளைப் படம் அந்த எண்களின் அணியேதான். இடையில் பல ஆண்டுகள், விரைவாகக் கணக்கிடக்கூடிய வேறொரு முறையே ஸ்கேன் கருவிகளில் கோலோச்சியது. கணினிகளின் வேகம் கூடியபின், திருத்தித் திருத்தி விடை காணும் முறைகள் புதிய வடிவில் மீண்டும் வந்துள்ளன. குறைந்த கதிர்வீச்சில் கிடைக்கும் தெளிவற்ற அளவீடுகளிலிருந்தும் அவை நல்ல படத்தை மீட்டுத் தருவதால், குழந்தைகளுக்கு ஸ்கேன் எடுக்கும்போது உடலில் செலுத்த வேண்டிய எக்ஸ் கதிரின் அளவு குறைகிறது.