“மனம் புண்பட்டது” என்று மட்டும் எழுதினால் வழக்கு நிற்காது

மாசி, பங்குனித் திருவிழாக் காலத்திலும் விநாயகர் சதுர்த்தி ஊர்வல நாட்களிலும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் எழுதப்படும் புகார் மனுக்களில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: “இன்னார் எங்கள் மத உணர்வைப் புண்படுத்திவிட்டார், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்.” காரணம் வாட்ஸ்அப்பில் வந்த படமாக இருக்கலாம், மேடையில் கேட்ட ஒரு வரியாக இருக்கலாம், ஊர்வலத்தில் ஒலித்த பாட்டாகவும் இருக்கலாம். மனு கொடுக்கிறவரும் மனுவில் பெயர் வந்தவரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மனம் புண்பட்டது என்பது மட்டும் நம் சட்டத்தில் குற்றம் ஆகாது. புண்படுத்த வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்ததுதான் குற்றம்.

அரசியலமைப்பிலிருந்தே தொடங்கலாம். பேச்சுரிமையை 19(1)(அ) தருகிறது. எந்தெந்தக் காரணங்களுக்காக அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதை 19(2) சொல்கிறது. அந்தப் பட்டியலில் பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது, நீதிமன்ற அவமதிப்பு இருக்கிறது. மத உணர்வு என்று தனியாக எதுவும் இல்லை. மதச் சுதந்திரம் தரும் 25ஆம் பிரிவும் “பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம்” ஆகியவற்றுக்கு உட்பட்டது என்றுதான் தொடங்குகிறது. ஆக, இரண்டு உரிமைகளுக்கும் எல்லைக் கல்லாக நிற்பது பொது ஒழுங்கு. அதனால்தான் 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு செல்லும் என்று சொன்னபோது, கூடவே ஒரு வரம்பையும் வைத்தது: வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு செய்யும் கடுமையான இழிவுபடுத்தலை மட்டுமே அந்தப் பிரிவு தண்டிக்கும், அறியாமல், கவனக்குறைவாக நடந்ததை அல்ல. ஒரு பத்திரிகை அட்டைப்படத்துக்காகக் கிரிக்கெட் வீரர் தோனி மீது போடப்பட்ட வழக்கை 2017இல் ரத்து செய்தபோதும் உச்ச நீதிமன்றம் இதையேதான் திரும்பச் சொன்னது.

2024 ஜூலை 1 முதல் 295ஏ இருந்த இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு இருக்கிறது. உள்ளடக்கம் ஏறக்குறைய அதேதான், அதிகபட்சத் தண்டனையும் அதே 3 ஆண்டுதான். எண்கள் மாறியதில் ஒரு வீண் பதற்றம் உண்டாகிறது, அதை இங்கேயே தெளிவுபடுத்திவிடலாம். “302இல் கேஸ் போட்டிருக்கிறார்கள்” என்று கேட்டதும் குடும்பமே கலங்கிப்போகும். பழைய சட்டத்தில் 302 கொலைக்கான எண். புதிய சட்டத்தில் கொலை 103க்குப் போய்விட்டது. இப்போதைய 302, ஒருவரின் மத உணர்வைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு அவர் காதில் விழும்படி பேசுவது, அவர் கண்ணில் படும்படி சைகை காட்டுவது பற்றியது. அதிகபட்சம் 1 ஆண்டு, ஜாமீனில் விடக்கூடியது, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் சமரசமாக முடித்துக்கொள்ளலாம். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் போலீஸ் இதில் விசாரணையில் இறங்கவும் முடியாது.

299 அப்படியல்ல. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனை நிலையத்திலேயே உரிமையாகக் கேட்கவும் முடியாது. 196ஆம் பிரிவு, அதாவது பழைய 153ஏ, இன்னும் வேறு. அது ஒரு பிரிவு மக்களுக்கும் இன்னொரு பிரிவு மக்களுக்கும் இடையே பகை மூட்டுவது பற்றியது. இரண்டு சமூகங்கள் சம்பந்தப்படாமல் ஒரு தரப்பின் நம்பிக்கையை மட்டும் விமர்சித்த பேச்சுக்கு 196 பொருந்தாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. ஆனாலும் மனு எழுதித் தருகிறவர்கள் 196, 299, 302, வதந்தி பரப்புவது பற்றிய 353 என்று எல்லாவற்றையும் அடுக்குகிறார்கள். அடுக்க அடுக்க வழக்கு வலுக்கும் என்பது தவறான நினைப்பு. எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போனால், பொருந்தாத பிரிவைத்தான் முதலில் உருவி எடுப்பார்கள்.

மனு உருப்படியாக இருக்க வேண்டுமானால் பேசிய சொற்களை அப்படியே, மேற்கோளில் எழுத வேண்டும். “கேவலமாகப் பேசினார்” என்பது மனு கொடுப்பவரின் கருத்து. போலீசுக்கும் நீதிமன்றத்துக்கும் வேண்டியது அந்தச் சொற்கள். தேதி, நேரம், இடம், யார் யார் கேட்டார்கள் என்பதும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, திட்டமிட்டுத்தான் செய்தார் என்று காட்டும் சூழ்நிலை வேண்டும்: எச்சரித்த பிறகும் திரும்பப் பேசினாரா, வழிபாடு நடக்கும் நேரம் பார்த்து வாசலுக்கு வந்து பேசினாரா, சொன்னது பொய் என்று தெரிந்தே பரப்பினாரா? இது இல்லாத மனுவில் நோக்கம் என்ற தூணே இருக்காது.

வீடியோ என்றால் முழு வீடியோவும் கையில் இருக்க வேண்டும். நாற்பது நிமிடப் பேச்சில் அரை நிமிடத்தை வெட்டிக் கொண்டுவந்தால், முன்பின் சேர்த்துப் பார்த்த பிறகு பொருள் தலைகீழாவதும் உண்டு. பதிவின் லிங்க், போட்டவரின் கணக்குப் பெயர், பார்த்த நாள், நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அது வந்த போனை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். நான்கு கை மாறி வந்த படத்துக்கு அந்தச் சான்றிதழைக் கொடுக்க ஆள் கிடைக்காது. இன்னொன்று: கண்டிக்கிறேன் என்று சொல்லி அதே படத்தைப் பத்து குழுக்களுக்கு அனுப்பாதீர்கள். ஊரில் பத்துப் பேர் பார்த்ததை ஆயிரம் பேர் பார்க்கும்படி செய்தது யார் என்று பிறகு கேள்வி வரும்.

மனு கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டுப் பதிவு செய்ய, புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இடம் தருகிறது. ஒரு கவிதைக்காக நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கர்ஹி மீது குஜராத்தில் பதிவான வழக்கை 2025 மார்ச்சில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட புகார்களில் இந்த முதற்கட்ட விசாரணையைச் செய்வதே முறை என்று சொன்னது. சொற்களை எடைபோடும்போது உறுதியான, துணிச்சலான, நியாயமான மனிதரின் அளவுகோல் வேண்டும், எதற்கெடுத்தாலும் மிரளுகிறவரின் அளவுகோல் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆகவே அன்றே எப்.ஐ.ஆர். போடவில்லை என்பதற்காக நிலைய வாசலில் கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. மறுத்துவிட்டால் சிவகங்கை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகு உறுதிமொழிப் பத்திரத்தோடு குற்றவியல் நடுவர் மன்றத்தை அணுகலாம்.

வழக்கின் பாதியில் தடுக்கி விழ வைக்கும் படி ஒன்றும் உண்டு. 299, 196 இரண்டிலும் அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்க முடியாது. இது குற்ற நடைமுறைச் சட்டத்தின் 217ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு இந்த அனுமதி இல்லை என்று தெரிந்தால் உழைப்பெல்லாம் வீண். 302க்கு அனுமதி தேவையில்லை, ஆனால் காலவரம்பு 1 ஆண்டுதான்.

இனி, பெயர் வந்தவரின் பக்கம். பயந்து பதிவை அழித்துவிட்டு, போனையும் மாற்றிவிடுவது பலரும் செய்யும் காரியம். பதிவைப் பொதுப் பார்வையிலிருந்து எடுக்கலாம். அதற்கு முன் முழுப் பதிவையும், எந்தப் பேச்சுக்குப் பதிலாகப் போட்டது என்பதையும் சேமித்து வையுங்கள். உங்கள் நோக்கத்தை நிரூபிக்க உதவப்போவது அதுதான். 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றம் என்பதால் கைது கட்டாயமில்லை, அதே நடைமுறைச் சட்டத்தின் 35(3)இன்கீழ் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். நோட்டீசுக்கு ஆஜராகாமல் இருப்பதுதான் கைதுக்கு வழி திறந்துவிடும். அதே சட்டத்தில் முன்ஜாமீன் மனு இப்போது 482ஆம் பிரிவு. வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் போடுவது 528. பழைய சட்டத்தில் 482 என்பது ரத்து மனுவின் எண். பழக்கத்தில் மாற்றிச் சொல்லுவோர் இன்றும் உண்டு, மனுவில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் அதிகம் கெடுவது வேறொரு இடத்தில். வழக்கு வேண்டாம், ஊர் ஒற்றுமைக்காகப் பேசி முடிப்போம் என்று நிலையத்திலோ கோட்டாட்சியர் அலுவலகத்திலோ உட்கார வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். இரு தரப்பும் மனம் விட்டுப் பேசிக் கைகுலுக்கினால் அதைவிட மேலானது இல்லை. ஆனால் வெளியே கூட்டம் நிற்க, உள்ளே ஒருவரிடம் “இனி இதைப் பற்றி எழுத மாட்டேன், பேச மாட்டேன்” என்று எழுதி வாங்குவது சமரசம் ஆகாது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ஒரு நாவலுக்காக நாமக்கல்லில் 2015இல் இப்படி நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், தமிழ்ச்செல்வன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், அந்தப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிடிக்காத புத்தகத்தை யாரும் படித்தே ஆக வேண்டியதில்லை என்பதும் அதே தீர்ப்பில் உண்டு. எதிர்க்கும் கூட்டத்தைக் காரணம் காட்டி அரசு பேச்சை நிறுத்த முடியாது, கூட்டத்தைக் கட்டுப்படுத்துவதுதான் அரசின் வேலை என்று ரங்கராஜன் வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே எதில் கையெழுத்துப் போட்டாலும் நகல் கேளுங்கள். வருத்தம் தெரிவிப்பது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

கடுமையான விமர்சனம் எல்லாம் இழிவு ஆகாது என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. கடவுள் மறுப்பாளர் பெரியாரும் சைவ மடத்தின் தலைவர் குன்றக்குடி அடிகளாரும் கொள்கையில் எதிரெதிர்த் துருவம், ஆனாலும் ஒருவரை ஒருவர் மதித்துப் பழகினார்கள். 1982இல் கன்னியாகுமரி மாவட்டம் மண்டைக்காட்டில் மதக் கலவரம் நடந்தபோது அமைதிக்காகப் போய் நின்றவர் அடிகளார்.

பொருளைச் சேதப்படுத்துவதில் மட்டும் சட்டம் இவ்வளவு இடம் கொடுப்பதில்லை. 1953இல் திருச்சியில் பெரியார் பிள்ளையார் பொம்மையை உடைத்ததை எதிர்த்து வீரபத்திரன் செட்டியார் என்பவர் தொடர்ந்த வழக்கு 1958இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. கோயிலில் பிரதிஷ்டை செய்யாத களிமண் பொம்மை புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொன்னதை அது ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும், பிறர் கண்ணுக்கு எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், பாதுகாப்புக்கு உரியது என்றது. ஆனால் சம்பவம் பழையதாகிவிட்டதால் மறு விசாரணைக்கு உத்தரவிடவில்லை. அந்த விளக்கம் இன்றைய 298ஆம் பிரிவுக்கும் பொருந்தும். அய்யனார் கோயில் பொட்டலில், நேர்ந்து வைத்த மண் குதிரைகளான பழைய புரவிகள் காலுடைந்து மழையில் கரைந்து கிடக்கும். கேட்பாரற்ற மண் பொம்மைதானே என்று எடுத்துப் பழம்பொருள் கடைக்கு விற்பவர், படப்பிடிப்புக்காக அவற்றை நகர்த்தி உடைப்பவர், இருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவமதிக்கும் எண்ணம் வேண்டும், அல்லது அந்த மக்கள் அதை அவமதிப்பாகக் கருதுவார்கள் என்ற அறிவாவது வேண்டும். புரவி எடுப்பு நடத்தும் ஊரில் போய், அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம். ஊர்த் தலைவரான அம்பலத்திடமும் கோயில் நிர்வாகத்திடமும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டால் பிரச்சினையே இல்லை.

ஊர்வலத்தில் கதை வேறு. சுவாமி புறப்பாடோ சந்தனக்கூடோ சிலுவைப் பாதையோ, பொதுச் சாலையில் போகும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ஆங்கிலேயர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1924இல் சொன்னதிலிருந்தே இது நிலைத்த சட்டம். இந்தத் தெருவில் நாங்கள்தான் அதிகம், ஆகவே வரக்கூடாது என்ற வாதத்தைப் பெரம்பலூர் மாவட்டம் வ.களத்தூர் வழக்கில் 2021இல் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. நேரம், பாதை, பாட்டு ஆகியவற்றில் நிபந்தனை போட போலீசுக்கு அதிகாரம் உண்டு. வழக்கமான பாதை என்று நிரூபிக்கப் பழைய அனுமதிக் கடிதங்களும் கோயில் பேரேட்டில் இருக்கும் திருவிழாக் கணக்கும் நல்ல சான்று, பத்திரமாக வையுங்கள். ஒலிபெருக்கி மட்டும் எந்த மதத்துக்கும் உரிமை அல்ல. சென்னைத் தேவாலய வழக்கு ஒன்றில் 2000இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. இரவு 10 முதல் காலை 6 வரை கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். எதிர்த் தரப்பின் வழிபாட்டு இடத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒலியைக் கூட்டினால், பேச்சுரிமை என்று பேசவே இடமில்லை. வழிபாட்டுக் கூட்டத்துக்கு இடையூறு செய்தால் 300ஆம் பிரிவு நேராகப் பொருந்தும்.

கடைசியாக வாட்ஸ்அப் குழுக்கள். வேறொருவர் போட்ட பதிவுக்கு அட்மின் என்ற ஒரே காரணத்தால் பொறுப்பாக்க முடியாது என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொன்னது. அட்மினும் சேர்ந்து பரப்பியிருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை. வந்ததைத்தான் அனுப்பினேன் என்பதும் தப்பிக்கும் வழியல்ல. பெண்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை ஃபார்வர்ட் செய்தவர் மீதான வழக்கை ரத்து செய்ய 2023இல் உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம் ஊர்க் குழுக்களில் பாதிப் பேர் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவில் இருப்பார்கள். சிங்கப்பூரில் மத நல்லிணக்கத்துக்கென்றே 1990இல் இயற்றிய தனிச் சட்டம் உண்டு, வளைகுடா நாடுகளில் மதநிந்தனை கடுங்குற்றம். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்த குற்றத்துக்கும் நம் சட்டம் பொருந்தும், மத்திய அரசின் அனுமதியோடு இங்கேயும் விசாரிக்கலாம். ஆகவே இங்கிருந்து அனுப்புகிற ஒரு படத்தை அங்கே ஒருவர் பகிர்ந்தால், அவருக்கு வேலையும் விசாவும் போகலாம். குழுவில் பொதுவாக அறிவிப்பு போடுவதோடு நிறுத்தாமல், அங்கிருப்பவர்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடுங்கள்.