பஸ்: வேற்றுமை உருபு வண்டியான கதை

லத்தீனில் ‘ஒம்னிபஸ்’ என்றால் ‘எல்லாருக்கும்’. அதில் ‘பஸ்’ தனிச்சொல்லே அல்ல. எங்கள் நான்காம் வேற்றுமை ‘கு’வைப் போன்ற வெறும் உருபு. “பஸ்ஸுக்கு நிக்கிறன்” என்பவர் தன்னை அறியாமலே இரண்டு ‘கு’ போட்டுப் பேசுகிறார்.

1820களில் பிரான்சின் நாந்த் நகரத்தில் ஓடிய குதிரை வண்டிக்கு இந்தப் பெயர் வந்தது. காசு கொடுத்தால் எவரும் ஏறலாம் என்பதே பொருள். 1829 ஜூலை 4இல் ஜோர்ஜ் ஷிலிபியர் லண்டனில் அதே பெயரோடு வண்டி விட்டார்: மூன்று குதிரை, 22 பேருக்கு இடம். சில ஆண்டுகளில் பேச்சுவழக்கு தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டது. பிறகு குதிரையும் போனது, பெயர் நின்றது. மின்சாரக்காரர் சொல்லும் ‘பஸ்பார்’ கூட இதன் வழிவந்ததுதான்: எல்லாச் சுற்றுகளுக்கும் மின்னைப் பகிரும் ஒரே சட்டம்.

தமிழில் பேருந்து. யாழ்ப்பாணத்தில் அறிவிப்புப் பலகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் அடிக்கடி ‘பேரூந்து’ என்று காண்கிறோம். அது பிழை. பெருமை + உந்து சேரும்போது ‘மை’ கெடும். முதலெழுத்து ‘பெ’ நீண்டு ‘பே’ ஆகும். ‘ரு’வின் உகரம் போய் ‘பேர்’ நிற்கும். பேர் + உந்து = பேருந்து. நீள்வது ‘பெ’ மட்டுமே, ‘உ’ குறிலாகவே இருக்கும். ஐயம் வந்தால் ‘பேருதவி’யை நினையுங்கள், ‘பேரூதவி’ என்று எவரும் எழுதுவதில்லை. குழப்பத்துக்குக் காரணம் ‘ஊர்தி’யாக இருக்கலாம். அது ஊர்தல் என்ற வேறு வினையில் பிறந்தது. ‘உந்து’ உந்துதலில் பிறந்தது. ‘பேரூர்’ சரி, ஏனெனில் அங்கே ‘ஊர்’ முதலிலேயே நெடில்.

மினிபஸ்ஸைச் சிற்றுந்து எனலாம், சிற்றூந்து அல்ல. ஏறி இறங்கும் இடம் தரிப்பிடம்; வண்டிகள் புறப்படும் பெரிய இடம் நிலையம். இரண்டையும் கலக்க வேண்டாம். பேச்சில் ‘பஸ்’ என்பதில் ஒரு குறையும் இல்லை, 750ஆம் வழித்தட பஸ்ஸைத் தேடி “750 பேருந்து போட்டுதோ?” என்று கேட்டால்தான் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

வண்டியைக் குறிக்கும் ‘வான்’ (van) என்பதும் தலை போன சொல்தான்: பாரசீகத்திலிருந்து வந்த ‘கரவான்’ என்பதன் கடைசித் துண்டு. அதன் முன்னால் ‘தட்டி’ வைத்து, எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்துப் பழைய பயணிகள் வண்டியொன்றுக்குத் தட்டிவான் என்று பெயர் ஆக்கினார்கள்.