அபோப்டோசிஸ் என்றால் உதிர்வு

“புற்றுநோய் செல்களைத் தற்கொலைக்குத் தூண்டும் புதிய மருந்து.” இந்தத் தலைப்பைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கே இல்லை. சிகிச்சையில் இருந்த உறவுக்கார அக்கா ஒருவர் இதைப் படித்துவிட்டு, “என் உடம்புக்குள்ள அப்படியெல்லாமா நடக்குது?” என்று கேட்டார். அந்தச் சொல்லை மட்டும் அவர் வாயால் சொல்லவில்லை. அன்றிலிருந்து இந்த மொழிபெயர்ப்பின் மேல் எனக்குத் தீராத கோபம்.

இங்கே ‘தற்கொலை’ ஆகிவிட்ட மூலச்சொல் அபோப்டோசிஸ், ஒரு செல் ஒழுங்காகத் தன்னைக் கலைத்துக்கொண்டு மடிவதன் பெயர். கிரேக்கத்தில் ‘அபோ’ என்றால் விலகி, ‘ப்டோசிஸ்’ என்றால் விழுதல். மரத்திலிருந்து இலை விழுவதையும் பூவிலிருந்து இதழ் விழுவதையும் குறிக்கும் சொல். கண்ணிமை தொங்குவதை மருத்துவர்கள் ‘டோசிஸ்’ என்பார்களே, அதற்கும் இதே வேர்தான். 1972இல் ஜான் கெர், ஆண்ட்ரூ வைலி, அலஸ்டேர் கர்ரி ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை வழியாக இது உயிரியலுக்குள் வந்தது. சொல்லை எடுத்துக்கொடுத்தவர் ஜேம்ஸ் கார்மாக், அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர். தாங்கள் கண்டதற்குப் பொருத்தமான பெயர் வேண்டுமென்று மொழி தெரிந்தவரிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் உதிர்வு. உருவாக்க வேண்டிய சொல்லே இல்லை, நம் வாயிலேயே இருக்கிறது.

ஒரு கிளையை முறித்துப் போட்டுப் பாருங்கள். இலைகள் கருகிச் சுருண்டு, காம்போடு ஒட்டிக்கொண்டே கிடக்கும், உதிராது. உதிர்வதற்கு மரம் உயிரோடு இருக்க வேண்டும். காம்பின் அடியில் மரமே ஒரு மெல்லிய அடுக்கை வளர்த்து, இலையிலுள்ள சத்தில் ஒரு பங்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட பிறகுதான் இலை கழன்று விழுகிறது. செல்லுக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். செல் சுருங்குகிறது. அதன் உட்கருவிலுள்ள டிஎன்ஏ துண்டாகிறது. பிறகு செல் முழுவதும் உறையோடு கூடிய சிறு சிறு உருண்டைகளாகப் பிரிய, பக்கத்துச் செல்கள் அவற்றை விழுங்கி மறுபடி பயன்படுத்திக்கொள்கின்றன. வீக்கம் இல்லை, சீழ் இல்லை. அடிபட்டோ ரத்தம் கிடைக்காமலோ சாகும் செல் அப்படியல்ல. அது உப்பி வெடித்து, உள்ளிருப்பதையெல்லாம் கொட்டி, சுற்றுப்புறத்தையும் புண்ணாக்கும். அது நசிவு, முறிந்த கிளை.

இதைத் ‘தற்கொலை’ என்று சொல்வதில் என்ன தவறு? முதலில், கொலை என்றால் கொல்ல நினைக்கும் மனம் ஒன்று வேண்டும். செல்லுக்கு மனம் கிடையாது. கருவில் கை உருவாகும்போது விரல்களுக்கு நடுவே சவ்வுபோல் இருக்கும் செல்கள் உதிர்வதால்தான் விரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன. பிறக்காத குழந்தையின் கையில் தற்கொலை நடந்தது என்று எழுத யாருக்கு மனம் வரும்? இரண்டாவது, அறிவியலாகவும் இது தப்பு. நோயை எதிர்க்கும் நம் டி செல்கள் புற்றுநோய் செல்லின் உறையில் துளையிட்டு, கிரான்சைம் என்னும் நொதியை உள்ளே அனுப்புகின்றன. அதனால் அந்தச் செல்லுக்கு நேர்வதும் அபோப்டோசிஸ்தான். வெளியிலிருந்து ஒருவர் வந்து முடித்துவைப்பதற்குப் பெயர் தற்கொலையா? ஆங்கிலத்தில் யாரோ உவமையாகச் சொன்னதைக் கலைச்சொல் என்று நினைத்து அப்படியே இறக்கிவிட்டார்கள். போதாக்குறைக்கு ‘தூண்டும்’ என்று வேறு சேர்த்து, குற்றவழக்குச் செய்தியின் வாசனையையும் ஏற்றிவிட்டார்கள். இதைப் படிக்கப்போகிறவர் நோயாளியாக இருக்கலாம் என்ற நினைப்பு எழுதுகிறவருக்கு வர வேண்டாமா?

பாடநூல் நடையில் எழுதுகிறவர்கள் ‘திட்டமிட்ட செல் இறப்பு’ என்பார்கள். இது பரவாயில்லை, ஆனால் வேறொரு சொல்லின் மொழிபெயர்ப்பு. பட்டுப்பூச்சியின் தசைகள் மறைவதை ஆராய்ந்த லாக்ஷினும் வில்லியம்ஸும் 1964இலேயே அந்தப் பெயரை ஆண்டார்கள். அது விரிந்த வகை, அபோப்டோசிஸ் அதில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், இரண்டும் ஒரே வரியில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?

‘உயிரணு உதிர்வு’ என்று சொல்லலாமே என்பார்கள் தூய தமிழ் நண்பர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பேச்சில் உயிரணு என்றால் பலர் விந்தணுவைத்தான் நினைக்கிறார்கள். அதனால் ‘செல் உதிர்வு’ என்றே எழுதுகிறேன். தோலின் மேல் செல்கள் கழல்வதையும் உதிர்தல் என்கிறோமே என்ற மறுப்பு நியாயமானது. அதற்கு ‘உரிதல்’ இருக்கிறது, பிரித்து ஆளலாம். முடி உதிர்வோடு குழம்பும் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கீமோ சிகிச்சையில் முடி கொட்டுவதற்கு மயிர்க்கால் செல்கள் உதிர்வதும் ஒரு காரணம்.

இந்தச் சொல்லின் முழு அருமை சிகிச்சையைப் பற்றி எழுதும்போதுதான் தெரிகிறது. புற்றுநோய் செல் பெருகுவதை மட்டுமே பேசுகிறோம், அது உதிர மறுப்பதும் பாதி நோய். பிசிஎல்-2 என்ற புரதம் மிகுந்துவிட்டால் செல் உதிராமல் தங்கிவிடுகிறது. சில ரத்தப் புற்றுநோய்களில் நடப்பது இது. அந்தப் புரதத்தைப் பிடித்து அடைக்கும் வெனெட்டோகிளாக்ஸ் மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. செல் உதிர்கிறது, மருந்து உதிர்க்கிறது. தன்வினை பிறவினை ஆவதற்கு ஒரு ‘க்’ போதும். அந்தத் தலைப்பை “புற்றுநோய் செல்களை உதிர்க்கும் புதிய மருந்து” என்று மாற்றி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “பழுத்த இலை மாதிரியா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.