'ச' என்பவர் யார்?

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவின் ஒரு மாதப் பதிவுகளை ஒரே கோப்பில் கொட்டி, யாரை எத்தனை தடவை @ போட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். முதலிடம் பிடித்தவர் பெயர் 'ச'. அப்படி ஒருவர் ஊரிலேயே கிடையாது.

எண்ணிக் கொடுத்தது ரெகுலர் எக்ஸ்பிரஷன். 'இந்த மாதிரி இருக்கிற எழுத்துத் தொடரைப் பிடி' என்று குறிகளால் சொல்லும் முறை அது. கணித அறிஞர் ஸ்டீபன் கிளீனி 1950களில் கணிதமாக எழுதியதை 1968இல் கணினி அறிஞர் கென் தாம்ப்சன் உரையில் தேடுவதற்குக் கொண்டுவந்தார். நான் கொடுத்தது இது:

@[அ-ஹ]+

முதலில் @ வேண்டும், அப்புறம் அ முதல் ஹ வரை ஏதாவது ஓர் எழுத்து, + என்றால் அது ஒன்றோ பலவோ, கிடைக்கிற வரை. கணினி இடமிருந்து வலமாக ஒவ்வொரு குறியாகத் தாண்டி வரும், @ஐக் கண்டதும் விழுங்க ஆரம்பிக்கும், பட்டியலில் இல்லாதது வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

சரி, எங்கே நின்றது? 'செ' நமக்கு ஓர் எழுத்து. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் ஓர் எண் கொடுக்கிற யூனிகோடில் இரண்டு: முதலில் ச, பிறகு கொம்பு. அ-வின் எண் 2949, ஹ-வின் எண் 3001. கால், கொம்பு, சுழி எல்லாம் அதற்குப் பின்னால், கடைசியில் 3021இல் புள்ளி. ஆக மணி 'மண' ஆனார். சுமதி, சிவா, செல்வி (பெயர்களை மாற்றியிருக்கிறேன்) மூவரும் 'ச' ஆனார்கள். @[அ-்]+ என்று புள்ளி வரை நீட்டியதும் பெயர்கள் முழுசாக வந்தன. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் தேடல் வசதியில் 'சொல்லெழுத்து' என்று சுருக்கமாகக் (\w) கேட்டாலும் இதே வெட்டுதான், ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல்மொழியின் அதே சுருக்கக் குறிக்கோ தமிழே தெரியாது. எங்கள் ஊரில் பாதிப் பேர் மலையாளத்தில் எழுதுவார்கள். அது 3328 முதல் 3455 வரை, தனியாகச் சேர்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலி வேற்றுமை உருபு. '@செல்விகிட்ட சாவி இருக்கு', '@மணிசேட்டனை கூப்பிடு' என்று ஒட்டியே எழுதுகிறோம், கணினிக்குச் 'செல்விகிட்ட' புது ஆள். எக்ஸில் (பழைய ட்விட்டர்) இந்தத் தொல்லை குறைவு, அங்கே பயனர் பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான், அதிகபட்சம் 15 குறி. அந்தப் பட்டியலை மட்டும் கொடுத்தால் தமிழ் உருபு வந்த இடத்தில் தானாக நிற்கும். ஆனால் எண்களைச் சேர்த்த உடனே 'தேங்காய் 500 @32' என்று வியாபாரி போட்ட விலையும் ஆளாகிவிடும், மின்னஞ்சல் முகவரியின் பின்பாதியும் வந்து உட்காரும். அதனால் @க்கு முன்னால் எழுத்தோ எண்ணோ இருந்தால் விட்டுவிடு, பின்னால் வெறும் எண் மட்டும் என்றாலும் விட்டுவிடு என்று இரண்டு நிபந்தனை.

எல்லாம் திருத்தி ஓட்டியதில் முதலிடம் செல்வி அக்காவுக்கு. பந்தல் சாமான் அறைச் சாவி அவரிடம்தான் இருந்தது. செல்விகிட்ட, செல்வியக்கா, செல்விஅக்கா மூன்றையும் நான் கையால்தான் கூட்டினேன்.