அழாத குழந்தை

குழந்தைகள் வார்டில் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்: கத்தி அழுகிற குழந்தை கொஞ்சம் காத்திருக்கலாம், சத்தமே இல்லாமல் கிடக்கிற குழந்தையை ஓடிப்போய்ப் பார்.

பசி என்றாலே அழுகைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு வேளைப் பசிக்கு அது சரி. வாரக்கணக்கில் அரைவயிறும் கால்வயிறுமாக இருந்த குழந்தை அழாது. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே. இதயத்தையும் மூளையையும் ஓட்டுவதற்காக உடம்பு விளையாட்டை நிறுத்தும், சிரிப்பை நிறுத்தும், கடைசியில் அழுகையையும் நிறுத்தும். உள்ளே கிருமித்தொற்று இருந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். "தொந்தரவே பண்ணாது டாக்டர், வெச்ச இடத்தில் இருக்கும்" என்று ஒரு தாய் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும்.

எங்களிடம் ஒரு நாடா உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அதைச் சுற்றி அளப்போம். 12.5 செ.மீ.க்குக் கீழே போனால் மஞ்சள், ஊட்டச்சத்து குறைகிறது என்று பொருள்; 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, குறைவு கடுமையாகிவிட்டது என்று பொருள். உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு வளையம் போட்டுப் பாருங்கள். சிவப்பில் இருக்கிற குழந்தையின் கை அதற்குள் தொளதொளவென்று நிற்கும். இன்னொரு வகைக் குழந்தை இதற்கு நேர்மாறாக, முகம் உப்பி, கால் வீங்கி, பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும். இரண்டு புறங்கால்களிலும் விரலால் மூன்று விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். குழி அப்படியே நின்றால் அது சதை இல்லை, நீர். 1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இன்றைய கானாவில் இதை விவரித்து எழுதியபோது, அந்த ஊர்த் தாய்மார் வழங்கிய பெயரையே வைத்தார்: குவாஷியார்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் மூத்ததுக்கு வரும் நோய் என்று பொருள். தாய்ப்பால் நின்றுபோன பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

இப்படி வரும் குழந்தைக்கு வயிறு நிறையக் கொடுத்துவிடத்தான் மனசு துடிக்கும். கொடுக்கக் கூடாது. பட்டினிக்குப் பழகிய உடம்பில் திடீரென்று உணவு சேர்ந்தால் இரத்தத்தில் உப்புகளின் அளவு தாறுமாறாகி இதயமே நின்றுபோகலாம். 100 மில்லிக்கு 75 கலோரி மட்டும் உள்ள பாலை, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, இராத்திரியிலும் எழுப்பி, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவோம்.

அப்படி ஒரு இராத்திரியில் நான் பார்த்தது மறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த பையனோடு இருந்த அம்மா, அவன் நடப்பானா என்று பகல் முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தவர், இரண்டு மணிக்கு எழுந்து வந்து, அசந்து தூங்கிவிட்ட இன்னொரு தாயின் கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாக வாங்கிக்கொண்டார். அந்தக் குழந்தையின் உதட்டில் சொட்டுச் சொட்டாகப் பாலை விட்டு, விழுங்கும்வரை காத்திருந்து, மறுபடி விட்டார். காலையில் என்னைப் பார்த்ததும் அதே கேள்வி: "என் பையன் நடப்பானா டாக்டர்?" அவர் கவலை ஒரு பொட்டும் குறையவில்லை. அது குறைய வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்க வேண்டும்? அடுத்தவர் துன்பத்தைப் பார்த்தால் நம்முடையது சின்னதாகிவிடும் என்கிறார்கள். நான் கண்டவரை அப்படி ஆவதில்லை. நம் வலி இருந்த இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் இன்னொருவருக்கும் இடம் கிடைக்கும்.

அதனால்தான், சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையிடம் "சாப்பாடில்லாமல் எத்தனை குழந்தைகள் தவிக்கிறது தெரியுமா?" என்று அதட்டுவது எனக்குப் பிடிக்காது. யாரோ ஒரு குழந்தையின் பசி அங்கே பிரம்பாகிவிடுகிறது. பிள்ளைக்குக் குற்ற உணர்ச்சி வரும், இரக்கம் வராது.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 ஆரோக்கியமான ஆண்கள், ஆராய்ச்சிக்காகத் தாங்களே முன்வந்து 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தார்கள். என்றைக்கு முடியும் என்று தெரிந்தே இருந்தவர்கள். அவர்களே சிடுசிடுத்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எதிலும் மனம் ஒட்டாமல் சாப்பாட்டையே நினைத்துக்கொண்டு கிடந்தார்கள். வளர்ந்த ஆளுக்கே இந்தக் கதி என்றால், என்றைக்கு முடியும் என்றே தெரியாத குழந்தையை மந்தம், சோம்பேறி, முரடு என்று எப்படிச் சொல்வது? ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாவுக்குப் பின்னால் ஊட்டச்சத்துக் குறைவு இருக்கிறது. சான்றிதழில் நிமோனியா என்றோ வயிற்றுப்போக்கு என்றோதான் எழுதியிருக்கும்.

உங்கள் வகுப்பிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பிள்ளை அடிக்கடி சோர்ந்து உட்கார்ந்தால், "சாப்பிட்டியா?" என்று கேட்காதீர்கள். வெட்கத்தில் ஆமாம் என்று சொல்லிவிடும். "கடைசியா எப்போ சாப்பிட்டே?" என்று தனியாகக் கேளுங்கள். ஏதாவது கொடுத்தால் நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபடி கொடுங்கள், படம் எடுக்காதீர்கள். பெற்றவர்களிடம் பேசினால் கண்டிக்கிற குரலில் பேசாதீர்கள். தான் சாப்பிடாமல் பிள்ளைக்குக் கொடுத்தும் போதாமல் போன தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கால் வீங்கியிருந்தாலோ, சாப்பாட்டைக் கண்டும் முகம் திருப்பினாலோ, நாளை என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள்.