ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி: எதை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது?

சாம்பல் கிளி வளர்ப்பது சட்டப்படி குற்றமா என்று கேட்பவர்கள் உண்டு. இனத்தை மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. ஒரே கூண்டில் இருக்கும் இரண்டு கிளிகளில் ஒன்று முறையானதாகவும் இன்னொன்று கடத்தல் சரக்காகவும் இருக்கலாம். அது எங்கே பிறந்தது, யார் யார் கைமாறி வந்தது, அதற்கு என்ன சான்று இருக்கிறது என்பதைத்தான் சட்டம் பார்க்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை சைட்டிஸ் ஒப்பந்தம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1973-ல் வாஷிங்டனில் கையெழுத்தாகி, 1975-ல் நடைமுறைக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இருக்கின்றன. 1981 முதல் சாம்பல் கிளி இதன் 2-ஆம் பட்டியலில் இருந்தது. அப்போது காட்டில் பிடித்த கிளியைக்கூட ஏற்றுமதி அனுமதி வாங்கிக்கொண்டு விற்க முடிந்தது. 1975-க்குப் பிறகு அப்படிக் காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதியானவை 13 லட்சத்துக்கும் மேல். கணக்கில் வந்தவை மட்டும்தான் இவை. பிடிக்கும்போதும் கொண்டுபோகும்போதும் செத்தவை இதில் சேராது. காடழிப்பும் சேர்ந்துகொள்ள, கானாவில் 1990-களின் தொடக்கத்திலிருந்து 90 முதல் 99 சதவீதக் கிளிகள் இல்லாமல் போய்விட்டதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள்.

2016-ல் ஜோஹன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் 95 நாடுகள் ஆதரித்தும் 35 நாடுகள் எதிர்த்தும் வாக்களிக்க, சாம்பல் கிளி 1-ஆம் பட்டியலுக்கு மாறியது. 2017 ஜனவரி 2 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சிவப்பு வாலுள்ள காங்கோ கிரே, கருஞ்சிவப்பு வாலுள்ள சற்றே சிறிய டிம்னே என்ற இரண்டு வகைச் சாம்பல் கிளிக்கும் ஒரே விதிதான். 'இது டிம்னே, இதற்குக் காகிதம் வேண்டாம்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

1-ஆம் பட்டியல் என்றால், காட்டில் பிடித்த கிளியை வணிகத்துக்காக எல்லை தாண்டி அனுப்ப முடியாது. வளர்ப்பில் பிறந்த கிளிக்கு மட்டும் வழி உண்டு. வணிகத்துக்காக வளர்க்கும் பண்ணை சைட்டிஸ் செயலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் பறவைகள் முறையாக வாங்கப்பட்டவையாக இருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை வரை வளர்ப்பிலேயே இனப்பெருக்கம் செய்ய முடியும் என்பதையும் காட்ட வேண்டும். அனுமதிச் சீட்டில் ஓர் எழுத்து இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். 'டி' (D) என்றால் பதிவு பெற்ற பண்ணையில் பிறந்தது. 'டபிள்யூ' என்றால் காட்டிலிருந்து வந்தது. 'எஃப்' என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: கூண்டில் பிறந்ததுதான், ஆனால் மேலே சொன்ன நிபந்தனைகளை நிறைவு செய்யாதது. அதற்கு வளர்ப்புக் கிளிக்கான சலுகை கிடையாது.

'டி' வகைக் கிளிக்கு சைட்டிஸ் விதிப்படி ஏற்றுமதி அனுமதி போதும், இறக்குமதி செய்யும் நாடு கூடுதலாக எதுவும் கேட்காதவரை. காட்டிலிருந்து வந்ததற்கும் 'எஃப்' வகைக்கும் இரண்டு பக்க அனுமதியும் வேண்டும். முதலில் இறக்குமதி அனுமதி, அதைக் காட்டித்தான் ஏற்றுமதி அனுமதி. முன்னது 12 மாதம் செல்லும், பின்னது 6 மாதம்.

'2017-க்கு முன்பே வாங்கிய கிளி, அதனால் இந்த விதியெல்லாம் பொருந்தாது' என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். அது தவறு. பட்டியலில் சேருமுன் வாங்கியதற்கான சலுகை, அந்த இனம் முதன்முதலில் எந்த நாளில் சேர்க்கப்பட்டதோ அந்த நாளை வைத்தே கணக்கிடப்படும். இந்தக் கிளியோ 1981-லேயே பட்டியலில் இருந்தது. இன்று எல்லை தாண்டினால் இன்றைய விதிதான். அதற்காகப் பழைய ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வளர்ப்பில் 40, 50 ஆண்டு வாழக்கூடிய பறவை இது, அதன் பூர்வீகத்தைக் காட்ட அந்த ரசீதுதான் துணை.

சரி, விற்கப் போவதில்லை, குடும்பத்தோடு வேறு நாட்டுக்குக் குடிபோகிறோம், அதற்கும் அனுமதி வேண்டுமா? வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். செல்லப் பறவையோடு அடிக்கடி எல்லை தாண்டுபவர்களுக்கு உரிமைச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பறவைக்கு ஒன்று வீதம், அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். அதை வைத்துக்கொண்டு போன இடத்தில் கிளியை விற்க முடியாது. கால்நடை மருத்துவச் சான்றும் தனிமைப்படுத்தலும் வேறு கதை. சைட்டிஸ் காகிதம் கையில் இருந்தாலும் அவற்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

உள்நாட்டில் வைத்திருப்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பனைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 2024-ல் வந்த விதிகளும் வைத்திருப்பவரைப் பதிவு செய்யச் சொல்கின்றன. பணம் கொடுக்குமுன், உங்கள் நாட்டின் சைட்டிஸ் நிர்வாக அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்டுவிடுவது நல்லது. பெரும்பாலும் சுற்றுச்சூழல் துறையிலோ வனத்துறையிலோ இருப்பார்.

கிளியைப் பார்க்கப் போனால் முதலில் காலைப் பாருங்கள். இணைப்பில்லாத மூடிய வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும். பாதம் வளர்ந்த பிறகு ஏறாது. ஆகவே அது வளர்ப்பில் பிறந்ததற்கு ஓரளவு நல்ல அடையாளம். திறந்து மூடும் வளையத்தை எப்போது வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்பதால் அது எதையும் நிரூபிக்காது. வளைய எண்ணோ மைக்ரோசிப் எண்ணோ ரசீதிலும் சான்றிதழிலும் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

பதிவு முறை உள்ள நாடுகளில் கிளி கைமாறினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டியிருக்கும். இறந்த பிறகு எதற்கு என்று தோன்றலாம். செத்த கிளியின் வளையமும் காகிதமும் வெளியே உலவினால், கடத்தி வந்த இன்னொரு கிளியை அவற்றை வைத்தே விற்றுவிடலாம்.